எஞ்சின் பழுதுபார்ப்பில் சிலிண்டர் கோணாமல் காப்பது எப்படி?

கதிர் வரும் நேரத்தில் இறைவை எஞ்சின் பட்டறையில் கிடந்தால் படும் பாடு உழவர்களுக்குத்தான் தெரியும். அதைவிடக் கொடுமை, புது லைனர், பிஸ்டன், வளையங்கள் எல்லாம் போட்டுக் கொண்டுவந்த எஞ்சின் ஒரே மாதத்தில் மறுபடியும் நீலப் புகை விடுவது. "மட்டமான சாமான்" என்று கடைக்காரர் மீது பழி விழும். சாமான் நல்லதாக இருந்தும் இப்படி நேர்வதுண்டு. சிலிண்டரின் வட்டம் கெட்டிருந்தால் எந்த வளையமும் அதைச் சரிக்கட்டாது.

சைக்கிள் சக்கரத்தில் ஒரு கம்பியை மட்டும் அதிகமாக முறுக்கினால் ரிம் கோணுவதைப் பார்த்திருப்பீர்கள். சிலிண்டரும் அப்படித்தான். பார்வைக்குக் கனமான வார்ப்பிரும்பு என்றாலும், ஹெட் போல்ட்டுகள் இறுகும்போது அவற்றைச் சுற்றியுள்ள சுவர் சிறிது அசைகிறது. தலைமயிரின் கனம் ஏறத்தாழ 0.07 மி.மீ. அதில் பாதியளவு கோணல் இருந்தாலே வளையம் சில இடங்களில் சுவரை விட்டு விலகும். அந்த இடைவெளி வழியே எண்ணெய் மேலேறி எரியும். எரிந்த வாயு கீழிறங்கி எண்ணெயைக் கெடுக்கும்.

போரிங் பட்டறையில்

பிளாக்கையே கடைந்து பெரிதாக்கும் எஞ்சின்களில் ஒரு சிக்கல் உண்டு. கடையும்போது ஹெட் இருக்காது. அப்போது அச்சான வட்டமாக இருக்கும் துளை, ஹெட்டை இறுக்கியதும் வடிவம் மாறிவிடும். பந்தயக் கார் எஞ்சின் கட்டுபவர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். நடுவில் துளையுள்ள கனத்த இரும்புப் பலகையை, ஹெட் இருக்கும் இடத்தில் அதே கேஸ்கெட், அதே போல்ட், அதே இறுக்கத்துடன் பூட்டிவிட்டு, அதன் துளை வழியாக ஹோனிங் செய்கிறார்கள். இதற்கு டார்க் பிளேட் என்று பெயர். பலகையைக் கழற்றினால் துளை கோணலாகத் தெரியும். ஹெட்டைப் பூட்டினால் வட்டமாகிவிடும். உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் பலகை பட்டறையில் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

பலகை இல்லாவிட்டாலும் இரண்டை வற்புறுத்திக் கேளுங்கள். கடைசல் முடிந்த சூட்டோடு அளக்கக் கூடாது. 80 மி.மீ. வார்ப்பிரும்புத் துளை 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.01 மி.மீ. விரியும். பிளாக் நன்றாக ஆறட்டும். அடுத்து, அளவை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். நீளவாக்கு, குறுக்குவாக்கு என இரண்டு திசையில் மட்டும் அளந்து திருப்தி அடைபவர்கள் உண்டு. நான்கு போல்ட்டுகள் இழுக்கும்போது துளை நான்கு மூலையாக வடிவம் கெடும். அப்போது அந்த இரு திசைகளிலும் ஒரே அளவு காட்டும்! மூலைவாக்கில் இருபுறமும் அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

லைனர் மாற்றும்போது

லைனர் அமரும் மேல் விளிம்பில் துருவோ கரியோ ஒட்டியிருந்தால் லைனர் சாய்ந்து உட்காரும். ஹெட்டை இறுக்கியதும் அது கோணும் அல்லது விளிம்பு விரிசல் விடும். சுரண்டித் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீர் படும் ஈர லைனரில் கீழேயுள்ள ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டாலும், அளவு மீறித் தடித்திருந்தாலும், அந்த இடத்தில் லைனர் உள்நோக்கிப் பிதுங்கும்; பிஸ்டன் அங்கேயே உரசும். சோப்பு நீர் தடவி, கையால் அழுத்தி இறக்குவதே நலம். சுத்தியலால் அடித்து இறக்குவதைப் பார்த்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

இயன்றால் பிஸ்டன் போடுமுன் ஹெட்டை முழுவதும் இறுக்கி, கிராங்க் பக்கமிருந்து ஒருமுறை அளந்து பாருங்கள். அரை நாள் கூடுதல் வேலைதான். மறுபடியும் பிரிப்பதை விட மேல்.

ஹெட் இறுக்கும் முறை

போல்ட் துளைகளில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருக்கக் கூடாது. அடி மூடிய துளையானால், இறுக்கும்போது அந்தத் திரவம் பிளாக்கையே பிளந்துவிடும். மரைகளை உலர்வாக விடுவதா, எண்ணெய் தொடுவதா என்பதை எஞ்சினுடன் வந்த கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். எண்ணெய் தொட்ட மரை அதே முறுக்கத்தில் அதிகமாக இழுக்கும்.

கையேட்டில் 12 கிலோ மீட்டர் என்றிருந்தால், எல்லா நட்டுகளையும் முதலில் 4, பிறகு 8, கடைசியில் 12 என்று படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். நான்கு நட்டு உள்ள ஒற்றைச் சிலிண்டரில் எதிர் மூலைகளாக மாறி மாறியும், பல சிலிண்டர் உள்ள டிராக்டரில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகவும் செல்க. டார்க் ஸ்பானர் இல்லாமல் கைப்பழக்கத்தை நம்பும் மெக்கானிக்குகள் பலர். அரை மீட்டர் ஸ்பானரில் 20 கிலோ விசை கொடுத்தால் 10 கிலோ மீட்டர். குழாய் சொருகி ஒரு மீட்டராக்கினால் அதே விசைக்கு 20! கைக்கு இந்த வேறுபாடு தெரியாது.

கழற்றும்போதும் இதே கவனம் வேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே, வெளி நட்டுகளிலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். தண்ணீர் வற்றிச் சூடேறிய எஞ்சினில் அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். ஓட்டிப் பார்த்தபின் ஹெட்டை மறுபடி இறுக்கச் சொல்லும் எஞ்சின்களும் உண்டு, கூடாது என்பவையும் உண்டு; கையேட்டில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்லுங்கள்.