விண்பதியம் இடுவோம்

தோட்டத்து வீட்டைவிட்டுக் குடிபெயரும்போது, முன்னோர் நட்ட கொய்யாமரத்தை நாம் எடுத்துச் செல்ல இயலாது. விதைக்கன்று தாய்மரத்தின் சுவையைத் தருமென்பதும் உறுதியன்று. விண்பதியமோ அம்மரத்தையே மறுபடியும் தரும்.

பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையில், 2.5 சென்டிமீட்டர் அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்குவோம். வழவழப்பான படலத்தையும் சுரண்டுதல் வேண்டும். இல்லையேல் பட்டை மீண்டும் கூடிவிடும். பால்மரம் சீவுவது போலவே, உள்மரத்தைக் காயப்படுத்தலாகாது. நீர் அதன் வழியே மேலேறுகிறது. பட்டை வழியே இறங்கும் உணவோ வெட்டில் தங்கி, வேர்விட உதவுகிறது.

ஈரத் தேங்காய்நார்த் தூளை வைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இருபுறமும் இறுகக் கட்டுவோம். ஏறக்குறைய 2 மாதங்களில் வேர்கள் தெரியும். பின்னர்க் கட்டின் கீழே அறுத்து, தாளை நீக்கி, சட்டியில் நட்டு, நிழலில் வைத்துக் காப்போமாக. குடிபெயர்வதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்குதல் நன்று.