பழைய கொம்பியூட்டரில் கை வைக்க முன்

"விண்டோஸ் 10 முடிஞ்சுதாம், 11 போடட்டோ?" பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் லப்டொப்போடு வருகிற சனம் இதைத்தான் உங்களிடமும் கேட்கப்போகிறது. 2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொப்ற் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. ஆனால் மெஷின் அடுத்த நாளும் முந்தின நாளைப் போலத்தான் ஓடியது. அந்தரப்பட வேண்டாம். உடையார்கட்டில் இந்த வேலை பழக வந்திருக்கிற பிள்ளைகளே, நான் சொல்லுகிற ஒழுங்கில் யோசியுங்கோ.

1. முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுங்கோ. 2009 யுத்தத்தில் எங்கள் சனம் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாண அல்பம் எல்லாவற்றையும் வழியில் விட்டுவிட்டு வந்தது. வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் முன்னரே போயிருந்த ஒரு படம்தான் சில வீடுகளில் இன்றைக்கு மிச்சம். அதன் பிரதி இந்த ஹாட் டிஸ்க்கில் கிடக்கலாம். எந்த ஃபோல்டரில் என்று உரிமையாளருக்கே தெரியாமலும் இருக்கலாம். டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், டி டிரைவ் எல்லாம் தேடி, வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கோ. அதில் சிலவற்றை வேறொரு மெஷினில் திறந்து பாருங்கோ. திறக்காத பிரதியைப் பிரதி என்று நம்பாதேங்கோ.

2. பாமினியை மறவாதேங்கோ. கோயில் நோட்டீஸ், சங்கக் கூட்ட அறிக்கை, பள்ளிக்கூட வினாத்தாள் என்று எங்கள் பக்கத்துப் பழைய கோப்புகளில் கனக்க பாமினி எழுத்துருவில் அடித்தவை. புது விண்டோஸ் போட்ட மெஷினில் அந்த எழுத்துரு இல்லையென்றால், திறக்கும்போது தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். கோப்பு பழுதாகிவிட்டதென்று யாரும் அழிக்க முன் எழுத்துருவைப் போட்டுக் காட்டுங்கோ. அதனால் ஃபொன்ற்ஸ் ஃபோல்டரையும் சேர்த்தே பிரதி எடுக்க வேணும். இனி அடிப்பதை யுனிகோட்டில் அடிக்கச் சொல்லுங்கோ. பழையதை யுனிகோட்டுக்கு மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்காதேங்கோ. மாற்றும்போது சில எழுத்துகள் பிசகும்.

3. அந்த மெஷினால் என்ன வேலை நடக்கிறது என்று கேளுங்கோ. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், வெளிநாட்டுக் காசு விவரம் எல்லாம் அதில் பார்ப்பவருக்குத் திருத்தங்கள் கட்டாயம் வேணும். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற புழு பிரித்தானிய மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாத மெஷின்கள்தான் அகப்பட்டன. இன்ரர்நெற்றே இல்லாமல் பேஜ்மேக்கரில் கலியாணக் காட் அடிக்கிற பழைய மெஷினோ? அதை அப்படியே விடுங்கோ. ஊரார் கொண்டுவருகிற பென்ட்ரைவை மட்டும் வேறு மெஷினில் சோதித்துவிட்டு அதில் குத்தச் சொல்லுங்கோ.

4. விண்டோஸ் 11 பொருந்துமா என்று பார்ப்பது சின்ன வேலை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேணும், இன்ரெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. 4 ஜிபி றாம் போதுமென்று கம்பனி சொல்லும், 8 இல்லாமல் நான் போடமாட்டேன். கனடாவிலும் ஜேர்மனியிலும் பாவித்து முடித்து அனுப்பும் லப்டொப்புகளில் நிறைய இந்தச் சோதனையில் தேறாது. சோதனையைத் தாண்டிப் போடும் குறுக்குவழிகள் உண்டு. உங்கள் சொந்த மெஷினில் பழகுங்கோ, அடுத்தவனுடையதில் வேண்டாம். அப்படிப் போட்டதற்குத் தொடர்ந்து திருத்தம் வருமென்று மைக்ரோசொப்ற்றே உறுதி தரவில்லை. வீட்டுப் பாவனைக்காரருக்கு விண்டோஸ் 10இலேயே 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திருத்தம் என்று ஒரு வழியும் வைத்தார்கள்.

5. "சரியான ஸ்லோ" என்று சொன்னால் விண்டோஸைக் குற்றம் சொல்ல முதல் ஹாட் டிஸ்க்கைப் பாருங்கோ. ஒரு எஸ்எஸ்டி போட்டாலே பாதிப்பேர் புது மெஷின் ஆசையை விட்டுவிடுவார்கள்.

6. 11 ஏறாது, இன்ரர்நெற் வேணும், காசு இல்லை என்றால் லினக்ஸ் மின்ற். 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தம் வரும், விலை கிடையாது, தமிழ் யுனிகோட் நன்றாக வேலை செய்யும், பாமினி எழுத்துருவையும் போடலாம். பென்ட்ரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் வைஃபை, சத்தம், பிறின்ரர் எல்லாவற்றையும் உரிமையாளருக்கு முன்னால் சோதியுங்கோ. பேஜ்மேக்கர்தான் வேணும் என்பவருக்கு இது சரிவராது, அதை முதலே சொல்லிவிடுங்கோ. ஆனால் பழைய லப்டொப்பை மூலையில் போட்டுவிட்டுப் படிக்க வழியில்லாமல் இருக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

7. இன்ரர்நெற்றில் கிடைக்கும் கள்ள அக்டிவேற்றரைத் தொடாதேங்கோ. வைரஸ் காவலை நிறுத்திவிட்டுப் போடச் சொல்லும் எதையும் நம்ப முடியாது. முறையாகப் பதிந்த விண்டோஸ் 10 பொருத்தமான மெஷினில் 11க்குச் சும்மாவே மாறும்.

8. நிறுவல் கோப்பு பல ஜிபி வரும். ஒருமுறை இரவு டேற்றாவில் இறக்கிப் பென்ட்ரைவில் வைத்திருங்கோ. மழை இருட்டுகிற பின்னேரத்தில் வேலையைத் தொடங்காதேங்கோ. லப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருக்க வேணும், டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் வேணும். இரண்டும் இல்லையென்றால் விடியக் காலமை வரச் சொல்லி அனுப்புங்கோ.