பேங்க் போட்ட இன்சூரன்ஸ்

தூத்துக்குடி,
ஆவணி 15

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். ஏரலில் உன் புது ஜவுளிக் கடை நன்றாக ஓடுகிறது என்று உன் அம்மா சொன்னாள். கேட்டு மனம் நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது நீ ஒரு வார்த்தை சொன்னாய். "கடைச் சரக்கு, வீடு, வண்டி எல்லாத்துக்கும் பேங்க்லயே இன்சூரன்ஸ் போட்டுட்டாங்க அத்தை, ஒண்ணும் கவலை இல்ல" என்றாய். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பொது இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள் நான். இதே வார்த்தையை என் மேஜைக்கு எதிரே இருந்து எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எல்லாரும் நஷ்டப்பட்ட பிறகு வந்து சொன்னவர்கள். நீ முன்னாலேயே சொல்லிவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் உனக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் எல்லாம் தண்ணீருக்குள் போனது. நான் ஓய்வு பெற அப்போது சில மாதங்களே இருந்தன. தண்ணீர் வடிந்த நாலாம் நாள், சர்வேயரோடு ஆற்றை ஒட்டிய ஊர் ஒன்றில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனேன். சுவரில் என் தோள் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. சேலைக் கட்டுகள் ஊறி, ஒன்றின் சாயம் ஒன்றில் ஏறி, தூக்கினால் சொதசொதவென்று கனத்தன. கடைக்காரர் கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கொடியில் கிளிப் மாட்டிக் காயப் போட்டிருந்தார். துணி காயவேண்டிய கொடியில் காகிதம் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பில்களை வைத்துத்தான் நாங்கள் கணக்கே போட முடிந்தது. இன்றைக்கும் அவரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கணக்கு இப்படி வந்தது. கடையில் இருந்த சரக்கு 20 லட்சம். அழிந்தது 12 லட்சம். பாலிசியில் எழுதியிருந்த தொகை 8 லட்சம். "பன்னிரண்டு கேக்கலம்மா, பாலிசி போட்ட எட்டு லட்சத்தையாவது முழுசாக் குடுங்க" என்றார் அவர். நியாயமாகத்தான் கேட்டார், ஆனால் பாலிசி அப்படிப் பேசாது. 20 லட்சம் சரக்கை 8 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், நூற்றுக்கு நாற்பது பங்கைத்தான் கம்பெனியிடம் ஒப்படைத்திருக்கிறாய், மீதி அறுபது பங்குக்கு நீயே பொறுப்பு என்று அர்த்தம். எந்த நஷ்டம் வந்தாலும் அதே விகிதம்தான். 12 லட்சத்தில் நூற்றுக்கு நாற்பது, 4 லட்சத்து 80 ஆயிரம். இதை எங்கள் தொழிலில் ஆவரேஜ் என்போம். நனைந்த சரக்கை விற்றால் கிடைக்கும் காசும், எக்ஸஸ் என்று நாமே ஏற்கவேண்டிய தொகையும் வேறு கழியும்.

ஏன் 8 லட்சம் என்று எழுதினார்? அவர் எழுதவில்லை, பேங்க் எழுதியது. சி.சி. லிமிட் என்கிற அவருடைய கடன் வரம்பு 8 லட்சம். பேங்க் தன் கடனுக்கு ஈடாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குப் பாலிசி எடுத்து, பிரீமியத்தை அவர் கணக்கில் பற்று வைத்துவிட்டது. பாலிசியில் பேங்க் பெயர் இருந்ததால் செக்கும் நேராகக் கடன் கணக்கில் வரவாகிப் போனது. கடன் முழுதாகத் தீரவும் இல்லை, புதுச் சரக்கு எடுக்கக் கையில் காசும் இல்லை. பேங்க்காரர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். அவர்கள் தங்கள் பணத்துக்குப் பாதுகாப்புத் தேடினார்கள். உன் முதலுக்குப் பாதுகாப்புத் தேடவேண்டியது நீதான்.

இப்போது உன் கடைக்கு வருகிறேன். சரக்கை அடக்க விலையில் கணக்குப் பண்ணு. லாபம் சேர்த்த விற்பனை விலை இங்கே செல்லாது. அந்தக் கணக்கையும் ஆனி, ஆடி இருப்பை வைத்துப் போடாதே. ஜவுளிக் கடையில் இருப்பு உச்சத்துக்குப் போவது தீபாவளிக்கு முன்னால், அடுத்து கிறிஸ்துமஸ் பொங்கலுக்கு முன்னால். நம் பக்கம் பெருமழை பெய்வதும் அதே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். தண்ணீர் வரக்கூடிய மாதமும் அலமாரி பிதுங்கும் மாதமும் ஒன்றாக இருக்கிற தொழில் உன்னுடையது. ஆகவே வருஷத்தில் எந்த மாதம் சரக்கு அதிகமோ அந்த மாதத் தொகைதான் பாலிசியில் இருக்கவேண்டும்.

சிறு தொழில்களுக்கென்று 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று ஒரு பாலிசி இருக்கிறது. ஒரே இடத்தில் கட்டடம், சரக்கு, சாமான் எல்லாம் சேர்ந்து 5 கோடிக்குள் இருப்பவர்களுக்கு. தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம், கலவரம் எல்லாம் அதில் அடக்கம். நீ எழுதிய தொகை உண்மை மதிப்பைவிட நூற்றுக்குப் பதினைந்து வரை குறைந்திருந்தால் ஆவரேஜ் பார்க்கமாட்டார்கள். கணக்குப் போடும்போது கொஞ்சம் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும் என்று தெரிந்து வைத்த சலுகை அது. பாதிக்குப் பாதி குறைத்து எழுதுகிறவருக்கு அது உதவாது.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன், தீபாவளிச் சரக்குக்குப் பின் தெருவில் கோடௌன் பிடித்திருக்கிறாயாமே. அந்த விலாசம் பாலிசியில் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கே இருக்கும் ஒரு முழத் துணிக்குக்கூடப் பாதுகாப்பு இல்லை. கம்பெனிக்கு ஒரு கடிதம் கொடுத்தால் விலாசத்தைச் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் தருவார்கள். பத்து நிமிஷ வேலையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு வெறுங்கையோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தீ, வெள்ளப் பாலிசியில் சாதாரணத் திருட்டு கிடையாது. அதற்கு பர்க்ளரி என்று தனியாக எடுக்கவேண்டும். அதிலும் பூட்டை உடைத்தோ ஓட்டைப் பிரித்தோ உள்ளே வந்த அடையாளம் இருக்கவேண்டும். கடைப் பையன் கல்லாவில் கை வைத்தால் அது வேறு பாலிசி. கொள்முதல் பில், ஸ்டாக் புத்தகம் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வை. கொடியில் காயப் போடும் நிலைமை உனக்கு வரவேண்டாம்.

அடுத்து உன் லோடு வண்டி, அந்தக் குட்டி யானை. இதைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானமாகப் படி ராசா, இது மனுஷ உயிர் சம்பந்தப்பட்டது.

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் தெருவில் இறங்கக் கூடாது. உன் வண்டி யாரையாவது அடித்து உயிர்ச்சேதமோ காயமோ ஆனால், தீர்ப்பாயம் எவ்வளவு சொன்னாலும் கம்பெனி கட்டும், அதற்கு மேல்வரம்பு இல்லை. இது பெரிய பாதுகாப்பு. ஆனால் சரக்கு வண்டியின் பாலிசி, சும்மா ஏறிவரும் ஆட்களுக்கானது அல்ல. பங்குனி உத்திரத்துக்கு நம் குடும்பமே சாஸ்தா கோயிலுக்கு லோடு வண்டியில்தானே போகும்? பாயை விரித்து, அண்டா குண்டா, ஆடு, பிள்ளைகள் என்று ஏற்றிக்கொண்டு. இந்த வருஷம் உன் வண்டியைக் கேட்கப் போகிறார்கள். கொடுக்காதே. சரக்கு வண்டியில் இப்படி ஏறி வருகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ கூட வந்தால் செல்லும், கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் செல்லாது. சில வழக்குகளில் முதலில் கம்பெனியைக் கட்டச் சொல்லி, பிறகு வண்டிக்காரரிடம் வசூல் பண்ணிக்கொள் என்று உத்தரவாகும். எப்படிப் பார்த்தாலும் கடைசியில் பணம் உன் தலையில். அப்படி ஒரு வழக்கில் தென்னந்தோப்பையும் வீட்டையும் விற்ற ஒரு வண்டிக்காரரின் ஃபைல் என் கையால் மூடப்பட்டது. செத்ததும் அவருடைய சொந்த அக்கா மகள். பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் அத்தை சொன்னாள் என்று சொல். வேன் வாடகையில் பாதியை நான் தருகிறேன்.

டிரைவர் விஷயத்தில் லைசென்ஸ் காலாவதி தேதியை மட்டும் கவனி. கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பே சொல்லியிருக்கிறது, ஆகவே அதில் உனக்குச் சிக்கல் இல்லை. எஃப்.சி. உயிரோடு இருக்கட்டும். வண்டியில் ஏறும் லோடுமேன் எத்தனை பேர் என்று பாலிசியில் எழுதச் சொல்.

உன் அப்பா வாங்கிய பழைய காரைப் பற்றியும் கேட்டுச் சொல். ஆர்.சி. புத்தகம் பெயர் மாற்றினால் போதாது. வாங்கின பதினாலு நாளுக்குள் பாலிசியையும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கவேண்டும். இல்லையென்றால் அந்தக் காருக்கு அடிபட்டால் ரிப்பேர்ச் செலவு அவர் கையைவிட்டுத்தான் போகும். பழைய சொந்தக்காரரின் நோ க்ளெய்ம் போனஸ் காரோடு வராது. அது அவருடையது.

மழை வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால், தயவுசெய்து சாவியைத் திருகாதே. தேர்ட் பார்ட்டி மட்டும் இல்லாமல் முழுப் பாலிசி இருந்தால், தண்ணீரில் மூழ்கிய வண்டிக்குக் க்ளெய்ம் உண்டு. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் தண்ணீர் சிலிண்டருக்குள் இழுக்கப்படும், காற்றைப் போல அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீ ஸ்டார்ட் பண்ணியதால் வந்த சேதம் என்று எஞ்சின் க்ளெய்மை நிராகரிப்பார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் இந்த ஒரே காரணத்தால் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி படம் எடு, பேட்டரி ஒயரைக் கழற்று, வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் சொல். எஞ்சின் பாதுகாப்பு என்று ஒரு கூடுதல் கவர் உண்டு, ஆற்றங்கரை ஊரில் இருக்கிற உங்களுக்கு அது வீண் செலவு இல்லை.

வீட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்று கேள். இடத்தின் விலையைச் சேர்க்காதே, மண் எரியாது, ஆற்றோடும் போகாது. திரும்பக் கட்ட இன்றைக்கு என்ன செலவோ அதுதான் தொகை. அதில் நூற்றுக்கு இருபது, 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். உன் மனைவியின் நகை அதில் வராது, தனியாகச் சேர்க்கவேண்டும். வீட்டுக்கடன் கொடுத்த பேங்க் எடுத்திருக்கும் பாலிசியில் சாமான் இருக்கிறதா என்று பார், அனேகமாக இருக்காது.

எந்தப் பாலிசியானாலும் புரபோசல் ஃபாரத்தை ஏஜென்ட் நிரப்பட்டும் என்று வெறும் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்காதே. நஷ்டம் வந்த அன்றைக்கு நாங்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான். அதில் இருக்கிற கடையும் தெருவில் இருக்கிற கடையும் ஒன்றாக இருந்தால், அந்தக் காகிதத்தைக் காட்டி எங்களால் ஒரு ரூபாயைக்கூடப் பிடிக்க முடியாது. பிரீமியம் கம்பெனி கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பாலிசிக்கு உயிர். செக் திரும்பினால் பாலிசியும் போயிற்று.

எல்லாம் சரியாக இருந்தும் கம்பெனி இல்லை என்று சொன்னால் சோர்ந்துவிடாதே. முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். உன் மாதிரி சொந்தப் பெயரில் கடை வைத்திருப்பவர்கள் போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். நான் கம்பெனி பக்கம் உட்கார்ந்து அங்கே தோற்ற வழக்குகளும் உண்டு. தோற்றது சரிதான் என்று எனக்கே தோன்றியவையும் அதில் உண்டு.

புரட்டாசி பிறப்பதற்குள் இதையெல்லாம் சரி பண்ணிவிடலாம். அடுத்த ஞாயிறு கடை அடைத்த பிறகு வா, ராத்திரி இங்கேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். மூன்று பாலிசியின் முழு நகலையும் பேங்கில் கேட்டு வாங்கிக்கொண்டு வா. முதல் பக்கம் மட்டும் கொடுத்தால் வாங்காதே, அத்தனை பக்கமும் வேண்டும். கோடௌன் வாடகைப் பத்திரத்தையும், போன கார்த்திகை மாத ஸ்டாக் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்து வை.

அன்புடன்,
அத்தை