தபால்தலையில் பறவையும் தறியும்

தபால்தலை சேகரிப்பது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வேலை என்று நினைக்காதீங்க. என்னிடம் 63 தபால்தலை இருக்கு. அதில் காசு கொடுத்து வாங்கியது 5 மட்டும்தான். மீதி எல்லாம் ஆயாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த கடிதங்களிலும், பட்டு முதலாளி ஒருவர் வீட்டில் கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய உறைகளிலும் கிடைத்தவை.

உலகின் முதல் தபால்தலை 1840-ல் இங்கிலாந்தில் வந்தது, பெயர் பென்னி பிளாக். சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை 1947 நவம்பர் 21-ல் வந்தது, அதில் தேசியக்கொடி. இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே இருக்கு, அதனால் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

கிடைத்ததை எல்லாம் சேர்த்தால் குப்பைதான் சேரும். ஒரு தலைப்பு வேண்டும். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா என்று ஒரு நாடு. 1966-ல் சுதந்திரம் அடைந்தது. அடுத்த வருஷமே 14 பறவைகளை வைத்து ஒரு தபால்தலை வரிசை போட்டாங்க. அதில் ஒன்று கொண்டலாத்தி. நம்ம வயல் வரப்பில் கொண்டையை விரித்துக்கொண்டு நடக்குமே, அதே இனம்! பிறகு 1974-ல் பூமிக்குள் கிடைக்கும் கற்கள், தாதுக்கள் வரிசை வந்தது. அந்த நாட்டுக்குச் சோறு போடுவது வைரச் சுரங்கம். (அவங்க பணத்தின் பெயர் பூலா. அதற்கு மழை என்று அர்த்தம். மழை குறைவான நாடு, பாவம்.) எங்க ஊரில் என்ன பறக்குது, எங்க ஜனங்க எதை வைத்துப் பிழைக்கிறாங்க, இரண்டையும் ஒரு உறை மேல் ஒட்டி அனுப்பிவிட்டாங்க. நானும் பறவை, தொழில் என்று இரண்டு தலைப்பு எடுத்துக்கொண்டேன்.

முதலில் தொழில். 1955 ஜனவரி 26-ல் ஐந்தாண்டுத் திட்டத்தை வைத்து நம்ம நாட்டில் ஒரு வரிசை வந்தது. டிராக்டர், ரயில் எஞ்சின் தொழிற்சாலை, சிந்திரி உரத் தொழிற்சாலை எல்லாம் அதில் உண்டு. அதிலேயே விசைத்தறிக்கு 6 தம்பிடி, ராட்டையில் நூற்கும் பெண்ணுக்கு 2 அணா, கைத்தறி நெய்யும் பெண்ணுக்கு 3 அணா. ஒரு அணாவுக்கு 12 தம்பிடி என்று ஆயா சொன்னாங்க. அப்போ 3 அணா 36 தம்பிடி. கைத்தறித் தலை விசைத்தறித் தலையைவிட ஆறு மடங்கு விலை! இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். "இப்போ விசைத்தறியில ஓட்டிட்டு கைத்தறின்னு சொல்லி விக்கிறாங்களே, அதுக்கு என்ன ஸ்டாம்பு போடுவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

1980 வாக்கில் விவசாயம், கிராம முன்னேற்றம் பற்றி வந்த வரிசையில் 2 ரூபாய்க்கு கைத்தறி நெசவு, 1 ரூபாய்க்கு பருத்தி, 5 ரூபாய்க்கு ரப்பர் பால் எடுப்பது. 25 பைசாவில் முட்டையில் இருந்து வரும் கோழிக்குஞ்சு. அதைப் பறவைப் பக்கத்தில் ஒட்டுவதா, தொழில் பக்கத்தில் ஒட்டுவதா என்று எனக்கும் தம்பிக்கும் இன்னும் சண்டை முடியலை.

என்னிடம் இருப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 2009 டிசம்பர் 10-ல் வந்தது. பாரம்பரிய ஜவுளி என்று நான்கு தபால்தலை, ஒவ்வொன்றும் 5 ரூபாய். பனாரஸ் பட்டு, கலம்காரி, அருணாசலப் பிரதேசத்து அபதானி நெசவு, நான்காவது நம்ம காஞ்சிபுரம் பட்டு! மாமா சென்னையில் வாங்கிக் கொடுத்தார். அப்பா கையைத் துடைத்துவிட்டு வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து தள்ள இன்னொரு ஆளும் வேண்டும். எங்க வீட்டில் அந்த ஆள் அம்மா. "நெஞ்சு முடிச்ச அன்னைக்கே சேலை போயிடும். நம்ம வீட்டுலயே தங்கின காஞ்சிப் பட்டு இதுதான்" என்று அம்மா சொன்னாங்க.

அடுத்து பறவை. 1975-ல் வந்த நான்கில் 25 பைசாவுக்கு ஆறுமணிக்குருவி, 50 பைசாவுக்கு கருந்தலை மாங்குயில். 1976-ல் பரத்பூர் சரணாலயத்துக்காக மஞ்சள்மூக்கு நாரை. வேடந்தாங்கலுக்குப் போனவங்க இந்த நாரையை மரத்தின் மேல் பார்த்திருப்பீங்க. 2010-ல் சிட்டுக்குருவியும் புறாவும் வந்தன. 1994-ல் நீர்ப்பறவைகள் வரிசை வந்தது. தண்ணீர் பட்டால் மை கரைகிறது என்று திரும்ப வாங்கிக்கொண்டாங்க. நீர்ப்பறவைக்கே தண்ணீர் ஆகலை பாருங்க!

தபால்தலையைப் பிய்க்காதீங்க, ஓரத்துப் பல் ஒன்று போனாலும் மதிப்பு போச்சு. உறையோடு சேர்த்து வெட்டி, பச்சைத் தண்ணீரில் இருபது நிமிஷம் மிதக்க விட்டால் தானாகக் கழன்றுவிடும். பழைய பேப்பர் மேல் முகம் கீழாக வைத்து நிழலில் காய வைக்கணும். பிறகு நோட்டுக்குள் வைத்து அழுத்தினால் சுருக்கம் போகும். கலர் உறையை மட்டும் தனியாகப் போடணும். நான் ஒரு சிவப்பு உறையை மற்றதோடு ஒரே கிண்ணத்தில் போட்டேன். சாயம் இறங்கி என் மாங்குயில் ரோஸ் கலர் ஆகிவிட்டது. அன்று நான் சாப்பிடலை. சாயம் போடுகிறவங்க எப்பவும் ஒரு நூலை நனைத்துப் பார்த்துத்தான் மொத்தப் பட்டையும் இறக்குவாங்களாம். அப்பா அதை அப்புறம் சொன்னார், முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். தீன்தயாள் ஸ்பர்ஷ் என்று தபால்துறை 2017-ல் தொடங்கிய உதவித்தொகை இருக்கு. வருஷத்துக்கு 6000 ரூபாய். முதலில் வினாடி வினா எழுதணும், தேறினால் தபால்தலையை வைத்து ஒரு செயல்திட்டம் செய்யணும். ஆனால் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரைதான். எனக்கு இதுதான் கடைசி வருஷம். பள்ளியில் தபால்தலை மன்றம் இருக்கணும், இல்லையென்றால் தபால் நிலையத்தில் சொந்தமாக ஒரு சேகரிப்புக் கணக்கு தொடங்கணும், அதற்கு 200 ரூபாய். மன்றம் என்றால் எல்லோரும் சேரலாமே என்று வகுப்பு டீச்சரிடம் கேட்டேன். பத்துப் பேர் சேர்த்துக்கொண்டு வா, தலைமையாசிரியர் ஐயாவிடம் பேசலாம் என்று சொன்னாங்க. இதுவரை என்னோடு சேர்த்து ஆறு பேர். 6, 7-ஆம் வகுப்புத் தம்பி தங்கைகள் யாராவது வந்தால் நல்லது. பழைய கடிதம் இருந்தால் தபால்தலையைப் பிய்க்காமல் உறையோடு 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு எடுத்து வாங்க. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் இருப்பேன்.