கோலும் கோடும்

மரத்தில் உளி பதியுமுன்பே பிழை புகுந்துவிடுவதுண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் வட்டாரத்தில் பட்டுத்தறிக்குச் சட்டம் கோக்கும் தச்சரை எண்ணிப் பார்க்கலாம். சட்டத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் ஒத்திராவிடில், துணி சுற்றும் உருளை பாவுக்கு நேர்குறுக்காக அமையாது. நெய்பவர் எத்துணைத் தேர்ந்தவராயினும் ஊடை கோணும்.

ஆகவே மூலைமட்டத்தை வாங்கும்போதே சோதித்தல் வேண்டும். நேர்விளிம்புள்ள பலகையில் அதனை வைத்து ஒரு கோடு இழுத்து, மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து மறுகோடு இழுக்கவேண்டும். இரண்டும் ஒன்றினால் மட்டம் செம்மையானது. விலகினால், காணும் விலகல் உண்மைப் பிழையின் இருமடங்காகும். எழுதுகோலின் கோட்டுக்கும் தடிப்புண்டு. பொருத்துவாய்களைக் கத்திமுனையால் கீறிக் குறிப்பதே நன்று.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் 24 விரல் கொண்ட கோலால் ஆடலரங்கு அளக்கப்படுகிறது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். விரல் ஆளுக்கு ஆள் மாறும்; வெட்டிய கோல் மாறாது. இன்றைய இரும்பு நாடாக்களும், கொக்கி வளைந்திருந்தால், தம்முள் சிறிது வேறுபடும். தேர்ந்த தச்சர் நாடாவை ஒருமுறையே பயன்படுத்தி, முதற்காலை மற்ற மூன்றின்மேல் வைத்துக் குறிப்பர். மூன்றாம் காலுக்கும் முதற்காலே அளவு. இரண்டாவதை வைத்தால் கோட்டின் தடிப்பு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும்.