வெள்ளையணுக்களுக்கு ஓர் ஆசிரியர்

நோய் வருமுன் போட்டுக்கொள்வதே தடுப்பூசி என்பது நாம் அறிந்ததே. நோய் வந்த பின்னும் ஊசியின் வாயிலாக உடலைத் தட்டியெழுப்ப முடியுமா? முடியும் என்று நம்பி ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கண்ட ஓர் உயிரணுவைக் கொண்டு விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர்.

சில புற்றுநோய்களுக்கு வைரஸே காரணம். பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் பாப்பிலோமா வைரஸால் உண்டாவது. ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசன் 1983இல் இவ்வைரஸின் 16ஆம் வகையைப் புற்றுக்கட்டியில் கண்டார்; 2008இல் நோபெல் பரிசு பெற்றார். இவ்வைரஸ் இ-6, இ-7 என்னும் இரு புரதங்களை உண்டாக்குகிறது. அணுப் பெருக்கத்திற்குக் கடிவாளமாக உள்ள நம் புரதங்களை இவை செயலிழக்கச் செய்கின்றன. கடிவாளம் அறுந்த அணு கட்டுமீறிப் பெருகுகிறது. ஆனால் அவ்விரு புரதங்களும் நம் உடலுக்கு அந்நியமானவை அல்லவா? திருடன் விட்டுச்சென்ற கைரேகை போல அவை எதிரியைக் காட்டிக்கொடுக்கின்றன.

அக்கைரேகையைப் படிப்பவை டென்ட்ரிடிக் அணுக்கள். மரக்கிளைகள் போல நீட்சிகளை உடையவை என்பதால் இப்பெயர் (கிரேக்க மொழியில் 'டென்ட்ரான்' என்றால் மரம்). நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் 1973இல் எலியின் மண்ணீரலில் இவற்றைக் கண்டறிந்தனர். அந்நியப் பொருளை விழுங்கி, துண்டாக்கி, நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று, "இதுவே எதிரி" என்று டி அணுக்களுக்குப் பாடம் சொல்வது இவற்றின் தொழில். பாடம் கேட்ட டி அணுக்களே போய்க் கொல்கின்றன.

புற்றுக்கட்டியோ தன்னைச் சூழ்ந்த இந்த ஆசிரியரை மயக்கிவிடும். ஆகவே பாடத்தை உடலுக்கு வெளியே நடத்துகின்றனர். நோயாளியின் இரத்தத்திலிருந்து மோனோசைட் என்னும் வெள்ளையணுக்களைப் பிரித்து, சுமார் ஒரு வாரம் வளர்த்து டென்ட்ரிடிக் அணுக்களாக மாற்றி, இ-7 புரதத்தை ஊட்டி, அவருக்கே ஊசியாகத் திரும்பச் செலுத்துகின்றனர். ஒருவருக்குச் செய்தது மற்றவருக்கு உதவாது, செலவும் மிகுதி. சிறு ஆய்வுகளில் நோயாளிகளின் டி அணுக்கள் விழித்தெழுந்தன. ஆயினும் முற்றிய கட்டி கரைவது அரிதாகவே உள்ளது. இன்றும் இது சோதனை நிலையிலேயே இருக்கிறது.

ஸ்டைன்மன் கணையப் புற்றுநோய்க்கு ஆளானபோது (அது வைரஸால் வருவதன்று) தம் அணுக்களாலேயே செய்த ஊசியைத் தமக்கும் போட்டுக்கொண்டார். 2007 முதல் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அது ஊசியின் பயனா என்று ஒருவரை மட்டும் கொண்டு சொல்ல இயலாது. 2011இல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டதற்கு மூன்று நாள் முன் அவர் மறைந்தார். பரிசுக் குழுவினருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

2006 முதல் வழங்கப்படும் பாப்பிலோமா தடுப்பூசி போதாதா என்று கேட்கலாம். அது வைரஸின் மேலுறையை மட்டுமே அடையாளம் காட்டும். புற்றாகிவிட்ட அணுவில் அம்மேலுறை இராது. இ-6, இ-7 மட்டுமே எஞ்சும். அதனால்தான் அது தொற்றுமுன், 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்குப் போடப்படுகிறது. நோயுற்ற தாய்மாருக்கு அதனால் குணம் கிட்டாது; டென்ட்ரிடிக் ஊசி ஆய்வு அவர்களுக்காகவே நடக்கிறது.