காணவில்லை என்று சொல்லும் பெயரைப் படி

அன்புத் தங்கைக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். சோர்ஸ் கோடிலிருந்து மென்பொருளை நிறுவியிருக்கிறாய். 'மேக் இன்ஸ்டால்' சிக்கலில்லாமல் முடிந்தது. ஆனால் இயக்கியதும், இன்ன ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படியொரு கோப்பே இல்லை என்று நின்றுவிட்டது. "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவட்டுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். பாதி விடை அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

அதை எழுதியது உன் மென்பொருள் அல்ல, டைனமிக் லிங்க்கர். நிரல் தொடங்குமுன் அதற்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி நினைவகத்தில் ஏற்றுவது அதன் வேலை. கிடைக்காத கோப்பின் பெயரைப் பதிப்பு எண்ணோடு சொல்லிவிடுகிறது. எழுத்து பிசகாமல் படி. பிறகு அந்த நிரலின் மேல் எல்டிடி கட்டளையை ஓட்டு. எந்த லைப்ரரி எங்கே கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று வரிவரியாகக் காட்டும். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த நிரலுக்கு மட்டும் எல்டிடி வேண்டாம். சில வேளைகளில் அது அந்த நிரலையே இயக்கிவிடும். அங்கே ரீட்எல்ஃப் போதும்.

இனி மூன்று கேள்விகள்.

கோப்பு வட்டில் இருக்கிறதா? உன் விஷயத்தில் இருக்கிறது, /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவில். லிங்க்கர் வட்டு முழுவதையும் துழாவாது. பெரும்பாலும் முன்பே தயாரித்து வைத்த பட்டியலைத்தான் பார்க்கும். அந்தப் பட்டியலைப் புதுப்பிப்பது எல்டிகான்ஃபிக். டெபியனிலும் உபுண்டுவிலும் ரூட்டாக அதை ஒருமுறை ஓட்டினால் போதும். ஃபெடோரா குடும்பத்தில் அந்த அடைவின் பெயரை எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவில் ஒரு கோப்பில் எழுதிவிட்டு ஓட்ட வேண்டும்.

கோப்பே இல்லையா? ஏபிடி-ஃபைல் அல்லது டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ், அது எந்தத் தொகுப்பில் வருகிறது என்று சொல்லும். அதை நிறுவு.

வேறு பதிப்புதான் இருக்கிறதா? இங்கேதான் கை அவசரப்படும். உபுண்டு 22.04 ஓபன்எஸ்எஸ்எல் 3 உடன் வந்தது. பழைய நிரல்களோ 1.1 பதிப்பைக் கேட்டன. புதிய கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டுச் சமாளிக்கப் பார்த்தவர்கள் பலர். ஓபன்எஸ்எஸ்எல் தன் சிம்பல்களில் பதிப்பைக் குறித்திருப்பதால், அதைச் சரிபார்க்கும் லிங்க்கரிடம் அந்த ஏமாற்று உடனே பிடிபட்டது. அப்படிக் குறிக்காத லைப்ரரி என்றால் நிரல் ஓடத் தொடங்கலாம். பிறகு நடுவழியில் விழலாம், அல்லது தரவைச் சத்தமில்லாமல் கெடுக்கலாம். பெயரிலுள்ள எண் ஒரு வாக்குறுதி. அதைப் பொய்யாக்காதே. புதிய லைப்ரரிக்கேற்ற வெளியீட்டைத் தேடு, இல்லையேல் சோர்ஸிலிருந்து மறுபடி உருவாக்கு.

இதை அடிபட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பழைய சர்வரில் புது மென்பொருள் புதிய ஜிலிப்சியைக் கேட்டது. வேறொரு கணினியிலிருந்து அந்தக் கோப்பைக் கொண்டுவந்து பழையதன் இடத்தில் வைத்தேன். அடுத்த நொடி எல்எஸ் ஓடவில்லை, சிபி ஓடவில்லை, புதிதாக எஸ்எஸ்எச்சில் நுழையவும் முடியவில்லை. ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளும் நிற்பது அந்த ஒரு லைப்ரரியின் மேல். மீட்பு வட்டிலிருந்து பூட் செய்து பழைய கோப்பைத் திரும்ப வைப்பதற்குள் விடிந்துவிட்டது.

லைப்ரரியைத் தேட வேண்டிய அடைவை லிங்க்கருக்குச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியையும் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள். பாஷ்ஆர்சியில் நிரந்தரமாக எழுதினால், தொடர்பில்லாத நிரல்களும் தவறான லைப்ரரியை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது எல்டிகான்ஃபிக் ஓட்டு. மறுபடி எல்டிடி பார். கிடைக்கவில்லை என்று எந்த வரியும் சொல்லாவிட்டால், என்ன செய்தாய் என்பதைத் தேதியோடு குறித்து வை. உனக்குப் பின் அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு அது வேண்டும்.

அன்புடன்,
அக்கா